வெளிநாட்டில் மருத்துவ பௌதிகவியல் பட்டமேற்படிப்பு: தெரிவைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதற்கான வழிகாட்டி

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் பௌதிகவியல் படித்து முடிப்பவர்களில் சிலர் மருத்துவ பௌதிகவியலில் (கதிர்ச்சிகிச்சை போன்றவற்றில் கதிர் அளவைத் திட்டமிட்டு, கருவிகளைச் சரிபார்க்கும் துறை) மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல விரும்பி ஆலோசனை கேட்டு வருகின்றனர். பெரும்பாலானோர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும்; அது உலகத் தரவரிசையைப் பார்த்து எழுதிய பல்கலைக்கழகப் பெயர்ப் பட்டியலாக இருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தத் தொழிலில் பட்டம் முதற்கட்டம் மாத்திரமே. அதன்பின் வைத்தியசாலையில் மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி, அதன்பின் பதிவு அல்லது சான்றிதழ்ப் பரீட்சை என இரண்டு கட்டங்கள் உள்ளன. மூன்றும் ஒரே நாட்டின் விதிகளுக்குள் பொருந்தினால்தான் ஒருவர் தனித்து நின்று நோயாளியின் கதிர்ச்சிகிச்சைத் திட்டத்துக்குப் பொறுப்பேற்கலாம். ஆகவே, தெரிவு கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி வரவேண்டும். கீழேயுள்ள படிகள் அந்த ஒழுங்கில் அமைந்துள்ளன. ஒழுங்கை மாற்றினால் காசும் காலமும் வீணாகும்.

1. வேலையை நேரிற் பார்த்தல்

கதிரை அளந்து திட்டமிடும் மருத்துவ பௌதிகவியலாளர், படம் எடுக்கும் கதிர்ப்பட உதவியாளர், கருவியைப் பராமரிக்கும் உயிர்மருத்துவப் பொறியியலாளர் ஆகிய மூவரும் ஒரே இயந்திரத்தைச் சுற்றி வேலை செய்வதால் மாணவர்கள் மூன்றையும் குழப்பிக்கொள்கின்றனர். குழப்பத்தோடு எழுதப்படும் நோக்கக் கூற்றை (ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரையை)த் தெரிவுக்குழு முதற்பந்தியிலேயே கண்டுகொள்ளும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. உங்கள் திணைக்களத் தலைவர் ஊடாக வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, சில நாட்கள் அவதானிப்பதற்கு அனுமதி கேளுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் இவ்வாறே கேட்கலாம். தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து உள்ளே போவதிலும் பார்க்கக் கடிதமே மேல்; பின்னர் அந்த அனுபவத்தைச் சான்றோடு காட்டுவதற்கு அது உதவும்.

போகும்போது முதல் நோயாளி வருவதற்கு முன்னரே சென்றுவிடுங்கள். நேர்கோட்டு வேகவளர்த்தி என்ற கதிர்ச்சிகிச்சை இயந்திரம் உள்ள இடங்களில், காலையில் அதன் கதிர்வெளியீடு எதிர்பார்த்த பெறுமானத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று அளப்பார்கள். அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கத்தின் 142 ஆம் இலக்கப் பணிக்குழு அறிக்கையின்படி நாளாந்தச் சோதனையில் 3 சதவீத விலகல் வரை ஏற்கலாம். மாதாந்தச் சோதனையில் 2, வருடாந்தச் சோதனையில் 1. நோயாளியைச் சரியான இடத்தில் கிடத்த உதவும், சுவரிலிருந்து வரும் லேசர்க் கோடுகள் ஒரு புள்ளியிற் சந்திக்கின்றனவா என்பதை மில்லிமீற்றர்க் கணக்கில் பார்ப்பார்கள். பின்னர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவார்கள். நாளைக்கும் அதே வேலைதான். இது சலிப்பூட்டுகிறது என்றால், உங்களுக்கு ஏற்றது ஆய்வுவழிக் கலாநிதிப் பட்டமாக இருக்கலாம். அதை இப்போதே தெரிந்துகொள்வது இலாபம்.

2. வேலை செய்யப்போகும் நாட்டை எழுதிவைத்தல்

“எங்கே கிடைத்தாலும் போகலாம்” என்பது பதிலாகாது. ஒரு நாட்டின் பட்டம் இன்னொரு நாட்டின் பதிவுக்குத் தானாகச் செல்லுபடியாவதில்லை. முதலாவது விருப்பமாக ஒரு நாட்டையும் மாற்றாக இன்னொன்றையும் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றுக்குமான விதியைப் பாருங்கள்.

அமெரிக்காவில் சான்றிதழ் வழங்குவது அமெரிக்கக் கதிரியக்கவியல் சபை. அதன் பரீட்சை மூன்று பகுதிகள் கொண்டது. 2012 முதல், முதலாம் பகுதிக்கு விண்ணப்பிக்க, மருத்துவ பௌதிகவியற் கற்கைநெறிகளை மதிப்பிடும் ‘கேம்பெப்’ (CAMPEP) என்ற ஆணைக்குழு தரச்சான்று வழங்கிய கற்கைநெறியில் இருக்கவேண்டும். 2014 முதல், இரண்டாம் பகுதிக்கு அதே ஆணைக்குழு தரச்சான்று வழங்கிய ரெசிடென்சிப் பயிற்சியையும் (வைத்தியசாலையில் மேற்பார்வையின்கீழ்ப் பெறும் பயிற்சி) முடித்திருக்கவேண்டும். ரெசிடென்சி பொதுவாக இரண்டு ஆண்டுகள். கனடாவும் தன் சான்றிதழுக்குக் ‘கேம்பெப்’ தரச்சான்றையே அடிப்படையாகக் கொள்கிறது. எனவே வட அமெரிக்கா என்று முடிவெடுத்தவர் அந்த ஆணைக்குழுவின் பட்டியலில் இல்லாத கற்கைநெறியை, பல்கலைக்கழகம் எவ்வளவு புகழ்பெற்றதாயினும், முதல் நாளே அடித்துவிடலாம். அயர்லாந்தின் கோல்வே பல்கலைக்கழக முதுமாணிக் கற்கைநெறி போல, வட அமெரிக்காவுக்கு வெளியேயும் தரச்சான்று பெற்ற சில உண்டு. பட்டியலைக் கடைசிவரை வாசியுங்கள்.

பிரித்தானியாவில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகின்றனர். அங்கு ஓராண்டு முதுமாணிப் பட்டம் பெறுவது எளிது. ஆனால் அந்தப் பட்டம் மட்டும் ஒருவரை வைத்தியசாலையில் பதிவுபெற்ற மருத்துவ விஞ்ஞானியாக்காது. ‘கிளினிக்கல் சயன்டிஸ்ட்’ என்ற பதவிப்பெயர் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. அதைப் பயன்படுத்த அந்நாட்டின் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் சபையிற் பதிவுபெற வேண்டும். அதற்கான பிரதான வழி தேசிய சுகாதார சேவையின் மூன்றாண்டு விஞ்ஞானிப் பயிற்சித் திட்டம். அதில் சேருபவருக்குச் சம்பளத்தோடு முதுமாணிப் படிப்பும் உள்ளேயே கிடைக்கிறது. சொந்தக் காசில் முதுமாணி படித்தவர் அதன்பின் இந்தத் திட்டத்துக்குப் போட்டியிட வேண்டும், அல்லது வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு பல ஆண்டு அனுபவத்தைக் கோவையாகத் திரட்டி மாற்று வழியிற் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முகவர் நிலையங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அனுமதிக் கடிதத்தோடு கடமை முடிந்துவிடுகிறது.

அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தரச்சான்றும் பயிற்சியும் ஒரே தொழில்சார் கல்லூரியின் (இத்துறை நிபுணர்களின் அமைப்பின்) பொறுப்பில் உள்ளன. அதன் தரச்சான்று பெற்ற முதுமாணிப் பட்டத்தோடு வைத்தியசாலையொன்றில் பயிற்சிப் பதவியும் வேண்டும். அந்தப் பதவி வேலைவாய்ப்பாகவே விளம்பரப்படுத்தப்படும். பட்டத்தோடு சேர்த்து யாரும் தருவதில்லை.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபையின் விதிப்படி, முதுமாணிப் பட்டத்துக்குப் பின் நன்கு வசதியுள்ள கதிர்ச்சிகிச்சை நிலையத்தில் ஓராண்டு உள்ளகப் பயிற்சி தேவை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்கைநெறிகள் உள்ளன. நோயாளிகளின் தொகை காரணமாக அங்கு கைப்பயிற்சி நன்றாகக் கிடைக்கும். இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்கள் சென்னையையும் வேலூரையும் இளக்காரமாகப் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பட்டத்தைக் கொண்டு பின்னர் அமெரிக்கா செல்லலாம் என்று கணக்குப் போட்டால், மேலே சொன்ன தரச்சான்று விதி குறுக்கே வரும்.

ஜேர்மனியில் கல்விக் கட்டணம் குறைவு என்பது பொதுவாக உண்மை; ஆனால் வைத்தியசாலையில் வேலை செய்ய நல்ல ஜேர்மன் மொழி அவசியம். ஆங்கிலத்திற் படிப்பிக்கிறார்கள் என்பதற்காக நோயாளியும் ஆங்கிலத்திற் பேசுவார் என்று எண்ணவேண்டாம்.

திரும்பி வருவதே நோக்கமெனில், போகுமுன் இரண்டு விடயங்களை உறுதிசெய்யுங்கள்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறதா என்பது ஒன்று, சுகாதார அமைச்சின் மருத்துவ பௌதிகவியலாளர் பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டம் எந்தப் பட்டத்தைக் கேட்கிறது என்பது மற்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் மருத்துவ பௌதிகவியல் முதுமாணி உள்ளது என்பதையும் மறக்கவேண்டாம். வெளிநாட்டுச் செலவை அதனோடு ஒப்பிட்ட பின்னரே முடிவெடுங்கள்.

3. கையிலுள்ள பட்டம் போதுமா எனச் சரிபார்த்தல்

மூன்றாண்டுப் பொதுப்பட்டமும் நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் வெளிநாட்டு அலுவலர் கண்ணில் ஒன்றல்ல. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அவை முறையே 5 ஆம், 6 ஆம் மட்டங்கள். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பல நான்காண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. இரண்டாம் வருட முடிவில் சிறப்புப் பட்டத்துக்குத் தகுதி பெற்றும் ஓராண்டு மிச்சம் என்று பொதுப்பட்டத்தோடு வெளியேறுபவர்கள் அந்த ஓராண்டைப் பின்னர் வேறு இடத்தில் கட்டணம் செலுத்திப் படிக்க நேரிடலாம்.

‘கேம்பெப்’ விதியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பௌதிகவியற் பட்டம் இல்லாத பொறியியல் அல்லது பிற பௌதிக விஞ்ஞான மாணவர், குறைந்தது மூன்று உயர்மட்டப் பௌதிகவியற் பாடங்களாவது உள்ளடங்கிய துணைப்பாட அளவைக் காட்டவேண்டும். மின்காந்தவியல், குவாண்டம் பொறிமுறை, கருப் பௌதிகம் போன்றவை இவ்விடத்தில் கைகொடுக்கும். பிரயோகக் கணிதத்தையோ கணினியையோ முதன்மையாகப் படித்தவர்கள் இதை விண்ணப்பிக்கும் முன்னரே எழுத்தில் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். வேறொரு பௌதிகவியல் துறையில் ஏற்கெனவே கலாநிதிப் பட்டம் பெற்றவர் மீண்டும் முதுமாணி படிக்கத் தேவையில்லை. அவர்களுக்கெனத் தரச்சான்று பெற்ற குறுகிய சான்றிதழ்க் கற்கைநெறிகள் உண்டு.

4. பெறுபேற்றுப் பக்கத்தை வாசித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரு படிக்கு மட்டும்தான் உங்களுக்கு நேரம் உண்டெனில் இதைச் செய்யுங்கள். தரச்சான்று பெற்ற ஒவ்வொரு கற்கைநெறியும் ஆண்டுதோறும் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்கு இடம் வழங்கப்பட்டது, எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், பட்டம் பெற்றவர்கள் எங்கே சென்றனர் என்பவற்றைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்பது ‘கேம்பெப்’ விதி. அந்தப் பக்கம் பெரும்பாலும் இணையத்தளத்தின் ஒரு மூலையில் இருக்கும். வரவேற்புப் பக்கத்தின் புன்னகைப் படங்களைக் கடந்து அதைத் தேடிப் பிடியுங்கள்.

வாசிக்கும் முறை இது. ஒரு கற்கைநெறியில் 12 முதுமாணிகள் பட்டம் பெற்று, 9 பேர் ரெசிடென்சிக்கும் 2 பேர் கலாநிதிப் படிப்புக்கும் சென்றனர் என்று வைத்துக்கொள்வோம்; அது நல்ல இடம். இன்னொன்றில் அதே 12 பேரில் 4 பேர் மட்டுமே ரெசிடென்சிக்குச் சென்று, மிகுதிப் பேர் ‘வேறு’ அல்லது ‘தெரியாது’ என்ற நிரலில் இருந்தால், பெயர் எவ்வளவு பெரியதாயினும் தயங்குங்கள். ஓராண்டை மட்டும் பார்க்காமல் ஐந்தாண்டுகளைச் சேர்த்துக் கூட்டுங்கள். சிறிய வகுப்புகளில் ஓராண்டின் எண்ணிக்கை ஏமாற்றும். முதுமாணிகளையும் கலாநிதிகளையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டியிருந்தால் பிரித்துத் தருமாறு கேளுங்கள்.

இதன் காரணம் எளிது. அமெரிக்காவில் ரெசிடென்சி இடங்கள் 2015 முதல் ஒரு பொதுப் பொருத்த முறை மூலம் நிரப்பப்படுகின்றன; விண்ணப்பதாரரும் வைத்தியசாலைகளும் ஒருவரையொருவர் விருப்ப வரிசைப்படுத்த, கணினி பொருத்துகிறது. பட்டம் பெற்ற எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அங்கில்லை. அத்தோடு, சில வைத்தியசாலைகள் வெளிநாட்டவருக்கு விசா அனுசரணை வழங்குவதில்லை. ஆகவே பெறுபேற்றுப் பக்கத்தில் இல்லாத ஒரு கேள்வியை நீங்கள் தனியாகக் கேட்கவேண்டும்: சென்றவர்களில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர்?

5. கற்கைநெறிப் பணிப்பாளருக்கு எழுதுதல்

பட்டியல் ஆறு ஏழாகச் சுருங்கிய பின்னரே எழுதுங்கள். இணையத்தளத்தில் விடையுள்ள கேள்விகளை அனுப்பினால் பதில் வராது. வந்தாலும் ஓர் இணைப்பாக மட்டுமே வரும். என் அனுபவத்தில் நான்கு கேள்விகள் போதும். மாணவர் வைத்தியசாலைக்குள் வாரத்தில் எத்தனை மணிநேரம் இருப்பர், எந்தக் கருவிகளைத் தாமே கையாள்வர்? கடந்த சில ஆண்டுகளில் வெளிநாட்டு மாணவர்கள் எங்கே பயிற்சி பெற்றனர்? இரண்டாம் ஆண்டு நிதியுதவி உறுதியானதா, போட்டியிற் பெறுவதா? அமெரிக்காவெனில், இந்தப் பட்டம் எந்தக் கல்விக் குறியீட்டின்கீழ் பதிவாகியுள்ளது?

கடைசிக் கேள்வி அலுவலகத்தனமாகத் தோன்றும். ஆனால் பட்டத்தின் பின் மாணவர் விசாவில் வேலை செய்ய அனுமதிக்கப்படும் காலம் 12 மாதமா, அதற்குமேல் 24 மாத நீடிப்பும் உண்டா என்பதை அந்தக் குறியீடே தீர்மானிக்கிறது. ரெசிடென்சி இரண்டாண்டு என்பதை நினைவிற் கொண்டால் அந்தக் கேள்வியின் பெறுமதி புரியும்.

பதில் எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். நேரடியான கேள்விக்குப் பிரசாரப் பத்திரத்தின் வசனங்களே திரும்பி வந்தால், மாணவரானபின்னும் அப்படித்தான் இருக்கும்.

6. காசுக் கணக்கு

முதுமாணிக்கும் கலாநிதிக்கும் நிதிநிலை வேறு. அமெரிக்காவில் முதுமாணி மாணவர் பெரும்பாலும் சொந்தச் செலவிற் படிக்கின்றனர். கலாநிதி மாணவருக்குக் கட்டண விலக்கும் கொடுப்பனவும் பொதுவாகக் கிடைக்கும். கனடாவில் ஆய்வேட்டோடு கூடிய முதுமாணிக்கும் கொடுப்பனவு வழங்கும் வழக்கம் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே, நல்ல சித்தியுள்ள நம் மாணவர்களைக் கனடாவின் ஆய்வுவழி முதுமாணியையும் அமெரிக்காவின் கலாநிதியையும் முதலிற் பார்க்கச் சொல்கிறேன்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம், திரியெஸ்தே பல்கலைக்கழகத்தோடு இணைந்து 2014 முதல் மருத்துவ பௌதிகவியலில் இரண்டாண்டு உயர்கற்கை முதுமாணியை நடத்துகிறது. முதலாண்டு வகுப்பு, இரண்டாமாண்டு வைத்தியசாலைப் பயிற்சி. வளர்முக நாடுகளின் மாணவரை நோக்கி அமைக்கப்பட்டது என்பதாலும், புலமைப்பரிசில்கள் உள்ளமையாலும், திரும்பி வந்து பணியாற்ற எண்ணுபவருக்கு இது மிகப் பொருத்தமானது. பெண் மாணவர்கள் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் மரி ஸ்க்லொடொவ்ஸ்கா-கியூரி புலமைப்பரிசிலையும் பார்க்கவேண்டும்.

புலமைப்பரிசிலின் நிபந்தனையை விண்ணப்பிக்கும் முன்னரே வாசியுங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு முன்கூட்டிய வேலை அனுபவம் தேவை. படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு நாடு திரும்பியிருக்க வேண்டும். அமெரிக்க அரசின் புல்பிரைட்டிலும் அவ்வாறே இரண்டாண்டு நிபந்தனை உண்டு. அங்கேயே ரெசிடென்சி செய்து சான்றிதழ் பெறுவது உங்கள் திட்டமாயின், இந்தக் கௌரவம் உங்கள் திட்டத்தை நடுவில் முறித்துவிடும். திரும்பி வருபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடில்லை.

7. ஆவணங்கள்

இங்கு ஏற்படும் தாமதங்களிற் பெரும்பாலானவை பெயரால் வருகின்றன. பட்டச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு தந்தையின் பெயர் முன்னும் தம் பெயர் பின்னுமாக இருக்கும். கடவுச்சீட்டில் முழுப்பெயராக வேறு ஒழுங்கில் இருக்கும். அம்பாறைக் கரையோர மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ‘முகம்மது’ என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், அடையாள அட்டையில் இன்னொன்றிலும், க.பொ.த. சான்றிதழில் மூன்றாவதொன்றிலும் இருப்பதுண்டு. சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்தின் அலுவலருக்கு அவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

கடவுச்சீட்டின் பெயரையே அடிப்படையாகக் கொண்டு, எல்லா விண்ணப்பங்களிலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள். வேறுபடும் ஆவணங்களுக்காகச் சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே தயாரியுங்கள். தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுத்து, அந்த எழுத்துக்கூட்டலைப் பின்பற்றும்படி சொல்லுங்கள்.

பெறுபேற்றுப் பத்திரத்தைப் பல்கலைக்கழகப் பரீட்சைப் பிரிவிலிருந்து முத்திரையிட்ட உறையிற் பல பிரதிகளாகப் பெறுங்கள். அதிலே பாடத்தின் குறியீடும் சுருக்கமான தலைப்புமே இருக்கும். ‘பௌதிகவியல் செயன்முறை 3’ என்ற வரியைப் பார்த்து அங்கே கருக்கதிர்வீச்சு அளவீட்டுச் சோதனைகள் செய்தீர்கள் என்பதை யாரும் ஊகிக்கமாட்டார்கள். ஆகவே கையேட்டிலிருந்து உங்கள் உயர்மட்டப் பாடங்களின் விபரத்தை எடுத்து, திணைக்களத் தலைவரின் கையொப்பத்தோடு ஓர் இணைப்பாக வைத்திருங்கள். மூன்றாம் படியில் எழும் சந்தேகங்களுக்கு இதுவே விடை.

8. சிபாரிசுக் கடிதமும் நோக்கக் கூற்றும்

பீடாதிபதியின் கடிதம் பதவியால் மட்டும் பாரமானது. உங்கள் ஆய்வுத் திட்டத்தை மேற்பார்வை செய்த விரிவுரையாளர், அளவீட்டில் வந்த பிழையை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்துத் திருத்தினீர்கள் என்று இரண்டு பந்தி எழுதினால் அதுவே அதிகம் பேசும். அவருக்கு உங்கள் பெறுபேற்றுப் பத்திரம், ஆய்வின் சுருக்கம், முடிவுத்திகதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அவர் பதிவேற்றும்படி கேளுங்கள். தனிப்பட்ட முகவரியிலிருந்து வருவதைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

நோக்கக் கூற்றில் குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்த கதையோடு தொடங்குவோர் மிகப் பலர். துயரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் தெரிவுக்குழு தேடுவது அதுவன்று. முதற்படியில் நீங்கள் கண்ட காலைச் சோதனையைப் பற்றியும், அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியைப் பற்றியும் எழுதுங்கள்.

9. கால ஒழுங்கு

அமெரிக்க இலையுதிர்கால அனுமதிக்கான முடிவுத்திகதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வரும். அங்கிருந்து பின்னோக்கி ஓராண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு இரண்டாண்டுக்கே செல்லுபடியாகும் என்பதால் மிக முந்தி எழுதுவதும் வீண். ஜி.ஆர்.ஈ. என்ற பட்டமேற்படிப்பு நுழைவுப் பரீட்சையைப் பல இடங்கள் இப்போது கேட்பதில்லை. உங்கள் இறுதிப் பட்டியலில் ஒன்றாவது கேட்டால் மட்டும் எழுதுங்கள். இறுதிப் பெறுபேறு வெளியாவது தாமதமானால், அதுவரையான பெறுபேற்றோடு நிபந்தனை அனுமதி தருவார்களா என்பதையும் முன்பே கேளுங்கள்.

10. இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்தால்

முற்பணம் செலுத்துமுன் அங்கு தற்போது படிக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவரோடு பேச ஒழுங்குசெய்து தருமாறு கேளுங்கள். மறுக்கும் இடம் குறைவு. பின்னர் பெறுபேற்றுப் பக்கம், வைத்தியசாலை மணிநேரம், நிதி, விசா என்ற வரிசையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். தரவரிசையை வேண்டுமானால் ஐந்தாவதாக வைக்கலாம்.

விசா தாமதமாகி வகுப்புத் தொடங்கும் நாள் தவறக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பார்களா, ஒத்திவைத்தால் வழங்கிய நிதியுதவியும் கூடவே வருமா என்ற இரண்டையும் முற்பணம் கட்டுவதற்கு முன்னரே எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள். இடம் ஒத்திவைக்கப்பட்டு நிதி மட்டும் கழன்றுபோனால், அந்த அனுமதிக் கடிதத்தை வைத்து விசா விண்ணப்பத்துக்கான வங்கிக் கணக்கைக் காட்ட முடியாது.